குழந்தைகளின் குடல் நோயும் காந்தப் படமுறையும்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளக்க அணைகளின் எண்ணிக்கையையும் ஆலைகளின் உற்பத்தியையும் கணக்கிடுவது வழக்கம். அவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க அளவுகோல் மற்றொன்று உண்டு. அந்நாட்டுக் குழந்தைகளின் உயரமும் எடையுமே அது. இந்தியாவில் எடை குறைந்த குழந்தையைக் கண்டவுடன் உணவுக் குறைவே காரணம் என்று கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியான முடிவே. ஆயினும், போதிய உணவு கிடைத்தும் வளராமல் நிற்கும் குழந்தைகளும் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சாராருக்குக் குடலில் நீடித்த அழற்சி உள்ளது. வெளியே புலப்படாத இந்நோயை உரிய காலத்தில் மதிப்பிடக் காந்த ஒத்ததிர்வுப் படமுறை, அதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எவ்வகையில் துணைபுரிகிறது? அதன் பயன் நாட்டின் எல்லாப் பகுதிக் குழந்தைகளுக்கும் எட்ட வேண்டுமானால் எவை தேவை? இவ்விரு வினாக்களுமே இவ்வுரையின் பொருள்.

உணவு இருந்தும் வளராமை

குடலின் நீடித்த அழற்சி நோய்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, பெருங்குடலின் உட்பரப்பில் புண்களை உண்டாக்கும் புண்ணுறு பெருங்குடல் அழற்சி. மற்றது குரோன் நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர், சிறுகுடலின் கடைப்பகுதியில் தோன்றும் இந்நோயை விவரித்து எழுதினர். மூவருள் ஒருவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எந்த இடத்திலும் இது தோன்றலாம். குடற்சுவரின் மேற்பரப்போடு நில்லாமல் அதன் முழுக் கனத்தையும் தாக்கும். நோயுற்ற பகுதிகளுக்கு இடையே நல்ல பகுதிகள் விட்டுவிட்டு இருப்பது இதன் தனி இயல்பு.

இவை மேலைநாட்டாரின் நோய்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பஞ்சாபில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான கள ஆய்வு ஒன்று, புண்ணுறு பெருங்குடல் அழற்சி மட்டுமே லட்சம் பேருக்கு 44.3 பேர் என்ற அளவில் காணப்படுவதாகத் தெரிவித்தது. அவ்வெண்ணம் தவறு என்பதற்கு இதுவே போதிய சான்றாகும். குடல் அழற்சி நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு நோய் குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்குகிறது என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

வயது வந்தவருக்கும் குழந்தைக்கும் இந்நோயில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வயிற்றுவலி, அடிக்கடி கழிச்சல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, வாய்ப்புண், ஆசனவாய் அருகே பவுத்திரம் ஆகியவை இருவருக்கும் பொதுவானவை. குழந்தைக்கு இவற்றோடு வளர்ச்சித் தடையும் சேர்கிறது. சில குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லை தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே உயரம் கூடுவது நின்றுவிடுகிறது. பசி குறைதல், உண்டது உடலில் சேராமை ஆகியவை இதற்கு ஒரு காரணம். அழற்சியின்போது குடலில் சுரந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் எலும்பின் வளர்ச்சியை நேரடியாகத் தடுப்பது மற்றொரு காரணம். இதனால் பருவமடைதலும் தள்ளிப்போகிறது.

எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவமடைதலின் இறுதியில் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்த மருந்தாலும் இழந்த உயரத்தை மீட்க இயலாது. எனவே, குழந்தையின் குடல் நோயில் காலம் என்பது வெறும் வசதியைப் பற்றிய கேள்வியன்று. பன்னிரண்டு வயதில் தவறவிடப்பட்ட இரண்டு ஆண்டுகள் வாழ்நாள் முழுவதற்கும் உரிய இழப்பாகிவிடக்கூடும்.

எட்டாத சிறுகுடல்

நோயை உறுதிப்படுத்த முதன்மையான வழி உள்நோக்கிக் கருவி எனப்படும் எண்டோஸ்கோபி ஆகும். வாய்வழியே செலுத்தினால் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும், ஆசனவாய் வழியே செலுத்தினால் பெருங்குடல் முழுவதையும் சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களையும் நேரில் காணலாம். சிறு துணுக்கை எடுத்துத் திசுச் சோதனைக்கும் அனுப்பலாம். ஆயின், இவ்விரண்டிற்கும் இடையே பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் கருவிக்கு எட்டாமல் கிடக்கிறது. குரோன் நோய் விரும்பித் தங்கும் இடமும் அதுவே. மேலும், உள்நோக்கி குடலின் உட்பரப்பை மட்டுமே காட்டும். சுவரின் கனத்தையும், அதற்கு வெளியே உண்டாகும் சீழ்க்கட்டியையும் அது காட்டாது.

இக்குறையைப் போக்க முன்னாளில் பேரியக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படங்கள் எடுக்கப்பட்டன. அதன்பின் சி.டி. ஸ்கேன் வந்தது. அது விரைவானது, தெளிவானது, சில நொடிகளில் முடிந்துவிடும். குடல் கிழிந்து குழந்தை ஆபத்தான நிலையில் வரும்போது இன்றும் அதற்கு ஈடில்லை. ஆயினும் இரண்டுமே எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயங்குபவை. குழந்தையின் செல்கள் விரைந்து பெருகுவன. கதிர்வீச்சின் விளைவு வெளிப்படுவதற்கு அக்குழந்தைக்கு நீண்ட ஆயுளும் இருக்கிறது. பிரிட்டனில் இளம் வயதில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் தோன்றும் வாய்ப்பு கதிர்வீச்சின் அளவோடு கூடுவதாகக் கண்டது. தனி ஒரு குழந்தைக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியதே. எனினும் குரோன் நோய் வாழ்நாள் நோய். ஒரே குழந்தைக்குப் பத்து ஆண்டுகளில் பலமுறை படம் எடுக்க நேரும். சிறு வாய்ப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்வதை ஏற்க இயலாது.

இக்காரணம் பற்றியே, ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடலியல் சங்கத்தார் 2005-இல் வெளியிட்டு 2014-இல் திருத்தியமைத்த போர்ட்டோ நெறிமுறைகள், இருவழி உள்நோக்கிச் சோதனையுடன் சிறுகுடலைப் படமெடுப்பதையும் நோய் மதிப்பீட்டின் பகுதியாக்கின. அதற்கு எம்.ஆர்.ஐ. முறையையே முன்னிறுத்தின.

காந்தம் படம் தரும் விதம்

மனித உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கரு மிகச் சிறிய காந்தம் போல் இயங்குகிறது. வலிமை மிக்க காந்தப் புலத்தில் இந்தக் கருக்கள் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. வானொலி அலையை ஒத்த அலையை அவற்றின்மேல் செலுத்தினால் ஆற்றலை ஏற்றுத் தடம் மாறுகின்றன. அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சைகையை வெளிவிடுகின்றன. அச்சைகைகளைத் திரட்டிக் கணிப்பொறி படமாக்குகிறது. திசுக்களில் நீரின் அளவும் நிலையும் வேறுபடுவதால் சைகைகளும் வேறுபடுகின்றன. அழற்சியுற்ற குடற்சுவர் நீர் கோத்து வீங்கியிருக்கும். ஆகவே அது தனித்துத் தெரிகிறது.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1946-இல் பெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியே கண்டறிந்து 1952-இல் இயற்பியல் நோபெல் பரிசைப் பெற்றனர். இதைக்கொண்டு படம் வரையலாம் என்பதை 1973-இல் பால் லாட்டர்பர் காட்டினார். பீட்டர் மான்ஸ்பீல்டு படமெடுப்பை விரைவாக்கும் வழிகளை வகுத்தார். இவ்விருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

மருத்துவமனைகளில் பரவலாக உள்ள இயந்திரத்தின் வலிமை 1.5 டெஸ்லா. இது பூமியின் இயற்கைக் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இந்த வலிமையைப் பெற மீகடத்திக் கம்பிச் சுருள்களைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, உறைநிலைக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டியுள்ளது. இயந்திரத்தின் விலையும் பராமரிப்புச் செலவும் உயர்ந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இங்கு எக்ஸ் கதிர் எதுவும் இல்லை. ஒரு குழந்தைக்கு எத்தனை முறை எடுத்தாலும் கதிர்வீச்சுச் சுமை சேர்வதில்லை என்பதே இம்முறையின் தலையாய நன்மை.

குழந்தையை ஆயத்தம் செய்தல்

குடல் அசையும் உறுப்பு. மேலும், வெறுங்குடல் சுருங்கிச் சுவர்கள் ஒட்டிக் கிடப்பதால் நோயுற்ற சுவரையும் நல்ல சுவரையும் பிரித்தறிய இயலாது. எனவே, சில மணி நேரம் உணவைத் தவிர்த்த பின், குழந்தை ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் சிறிது சிறிதாக ஒரு கரைசலைக் குடிக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் மானிட்டால் கலந்த நீர் கொடுக்கப்படுகிறது. இது குடலில் உறிஞ்சப்படாமல் தங்கிக் குடலை விரித்து வைக்கிறது. அளவு குழந்தையின் எடைக்கேற்ப மாறும். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிலிட்டர் என்பது வழக்கிலுள்ள ஒரு கணக்கு. வளர்ந்த சிறுவனுக்கு இது ஒரு லிட்டர் அளவுக்கு வந்துவிடும். இனிப்பும் குமட்டலும் கலந்த அக்கரைசலைக் குடிப்பதே பல குழந்தைகளுக்குச் சோதனையின் கடினமான பகுதி. குளிரவைத்துக் கொடுப்பதும், தாய் அருகில் இருப்பதும் பெரிதும் உதவுகின்றன. சோதனைக்குப் பின் சில மணி நேரம் கழிச்சல் இருக்கலாம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கூறிவிடுவதும், கழிப்பறை அருகில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் சிறு செய்திகளாகத் தோன்றினும் தேவையானவை. தொலைவூரிலிருந்து பேருந்தில் வந்து, உடனே திரும்பிச் செல்ல எண்ணும் குடும்பத்துக்கு இது பெருந்தொல்லையாகும்.

படமெடுக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். இடையிடையே 15 முதல் 20 நொடிகள் மூச்சை அடக்க வேண்டும். இயந்திரம் உரத்துத் தட்டும் ஒலி எழுப்பும். காதுகளுக்குக் காப்பு வைப்பது கட்டாயம். குறுகிய கூட்டினுள் அசையாமல் படுத்திருக்க ஏழு, எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் பழகிக்கொள்கின்றனர். முதல் நாளே இயந்திரத்தைக் காட்டி, அதன் ஒலியைக் கேட்கச் செய்து, மூச்சடக்குவதை விளையாட்டாகப் பயிற்றுவித்தால் மயக்க மருந்தின் தேவை வெகுவாகக் குறைகிறது. மிக இளங்குழந்தைகளுக்கு மயக்க மருந்து தவிர்க்க இயலாததாகலாம். வயிறு நிறைய நீருள்ள குழந்தையை மயக்குவதில் அந்நீர் நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் இருப்பதால், மயக்கவியல் வல்லுநரின்றி அதனை மேற்கொள்ளலாகாது.

படம் கூறுவன

நல்ல நிலையில் விரிந்துள்ள குடலின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேற்படுவதில்லை. அழற்சியுற்ற சுவர் இதனைக் கடந்து தடிக்கிறது. நீர் கோத்து ஒளிர்கிறது. சுவரில் ஆழ்ந்த புண்கள் தெரியலாம். அப்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பருத்து, சீப்பின் பற்களைப் போல் வரிசையாக நிற்கும். குடலைச் சுற்றிக் கொழுப்பு பெருகிச் சூழும். எங்கே, எத்தனை இடங்களில், எவ்வளவு நீளத்துக்கு நோய் பரவியுள்ளது என்பதை ஒரே சோதனையில் கணக்கிட முடிகிறது.

நோய் முற்றிய நிலையில் குடல் குறுகி, அதற்கு முன்னுள்ள பகுதி விரிந்துவிடும். ஒரு குடல் வளையத்திலிருந்து மற்றொன்றுக்குப் புரைவழி ஏற்படலாம், சீழ்க்கட்டி தோன்றலாம். ஆசனவாயைச் சுற்றியுள்ள பவுத்திரத்தின் கிளைகள் எந்தத் தசையைத் துளைத்துச் செல்கின்றன என்பதை இடுப்புப் பகுதியின் எம்.ஆர்.ஐ. படம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை. அறுவை மருத்துவர் இதனை அறியாமல் கத்தியை வைப்பாராயின் மலத்தை அடக்கும் ஆற்றலையே குழந்தை இழக்க நேரிடலாம்.

மருந்து கொடுத்த பின் மீண்டும் படமெடுத்தால், சுவர் மெலிந்துள்ளதா, நீர்க்கோவை வற்றியுள்ளதா என்று ஒப்பிடலாம். வயிற்றுவலி நீங்கிக் குழந்தை சிரித்து விளையாடும்போதும் உள்ளே அழற்சி தொடர்வதுண்டு. அதைக் கவனியாது விட்டால் சில ஆண்டுகளில் குடல் சுருங்கி அறுவைக்கு ஆளாகும். ஒருவர் பார்த்து ‘பரவாயில்லை’ என்றும் மற்றொருவர் பார்த்து ‘மோசம்’ என்றும் கூறும் குழப்பத்தைத் தவிர்க்க, படத்திலுள்ள மாற்றங்களுக்கு மதிப்பெண் வழங்கும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. முதலில் இவை வயது வந்தோரை வைத்தே உருவாக்கப்பட்டன. பல நாட்டு மையங்கள் கூடிக் குழந்தைகளுக்கென்றே வகுத்த மதிப்பெண் முறை ஒன்று 2022-இல் வெளியாயிற்று.

காசநோயா, குரோன் நோயா?

மேலைநாட்டு நூல்களில் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று இந்திய மருத்துவரின் முன் நிற்கிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். காசநோய்க் கிருமி நுரையீரலோடு நில்லாமல் குடலையும் தாக்கும். அதுவும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே பெரிதும் நாடும். குரோன் நோயின் விருப்பமான இடமும் அதுவே. இரண்டிலும் வலி, காய்ச்சல், எடை குறைவு, புண்கள், குடல் குறுக்கம் ஆகியவை உண்டு. நுண்ணோக்கியில் தெரியும் திசுக் கணுக்களும் இரண்டிலும் உண்டு. இக்கணுக்களின் அளவு, எண்ணிக்கை, அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முயன்ற ஆய்வுகளுள், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் 1999-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. காசநோய்க் கணுக்கள் பெரியனவாகவும் ஒன்றோடொன்று இணைந்தனவாகவும் இருப்பதையும், குரோன் நோயில் அவை சிறியனவாகவும் அரிதாகவும் இருப்பதையும் அது எடுத்துக்காட்டியது.

தவறினால் இரு பக்கமும் ஆபத்து. காசநோயைக் குரோன் நோய் என்று கொண்டு ஸ்டீராய்டையோ நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தையோ கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். குரோன் நோயைக் காசநோய் என்று கொண்டு மாதக்கணக்கில் அதற்குரிய மருந்துகளைக் கொடுத்தால், மருந்தின் தீமைகளைக் குழந்தை சுமப்பதோடு, மேலே கூறிய வளர்ச்சிக் காலமும் வீணாகக் கழிகிறது. இந்தியாவில் நடைமுறையில் மிகுதியாக நேர்வது இந்த இரண்டாவது தவறே.

இங்கே எம்.ஆர்.ஐ. படம் நீதிபதியன்று, நல்ல சாட்சி. நோய் ஒரே இடத்தில் குறுகிய நீளத்துக்கு இருத்தல், பெருங்குடலின் தொடக்கப் பகுதி சுருங்கி மேலிழுக்கப்பட்டிருத்தல், வயிற்று நிணநீர்க் கணுக்கள் பருத்து நடுப்பகுதி அழுகியிருத்தல், வயிற்றறையில் நீர் சேர்ந்திருத்தல் ஆகியவை காசநோயின் பக்கம் சாய்கின்றன. விட்டுவிட்டுப் பல இடங்களில் நோய் இருத்தல், நீண்ட பகுதி தடித்திருத்தல், சீப்புப் பல் போன்ற இரத்தக் குழாய்கள், ஆசனவாய்ப் பவுத்திரம் ஆகியவை குரோன் நோயின் பக்கம் சாய்கின்றன. நடுப்பகுதி அழுகிய கணுக்களைப் போன்ற சில அடையாளங்களுக்கு எடை அதிகம். ஏனையவை தனித்து நின்று எதையும் நிறுவா. திசுச் சோதனை, கிருமி வளர்ப்பு, மரபணுச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே படத்தை வாசிக்க வேண்டும். அப்போதும் ஐயம் நீங்காவிடில், காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் உள்நோக்கி மூலம் புண்கள் ஆறினவா என்று பார்ப்பது இந்திய மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழி. அவ்வாறு பாராமல், ‘வலி குறைந்திருக்கிறது’ என்ற ஒன்றை மட்டும் நம்பி முழுக் காலமும் மருந்தைத் தொடர்வதே குழந்தையின் காலத்தைக் கொள்ளையடிக்கிறது.

எச்சரிக்கைகள்

எந்தச் சாதனமும் குறையற்றதன்று. படத்தைத் தெளிவாக்க இரத்தக் குழாயில் செலுத்தப்படும் கடோலினியச் சேர்மம் சிறுநீரகம் பழுதுற்றோருக்குக் கடும் தோல் இறுக்க நோயை உண்டாக்குவது 2006-இல் தெரியவந்தது. பின்னர், உடலில் அதன் நுண்ணளவு தங்கிவிடுவதும் அறியப்பட்டது. நிலைத்தன்மை குறைந்த சில வகைகளின் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. உறுதியான அமைப்புடைய வகைகளையே குழந்தைகளுக்குப் பயன்படுத்துதல், நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் படமுறையால் கடோலினியத்தின் தேவையையே குறைத்தல் ஆகியவை இன்று பின்பற்றப்படுகின்றன.

காந்தத்தின் வலிமையே மற்றோர் ஆபத்து. இயந்திரம் படமெடுக்காத நேரத்திலும் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். இரும்பாலான பொருள் அறைக்குள் சென்றால் எறிகணையாகிவிடும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் உருளையை எடுத்துச் சென்றவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாயிற்காப்பாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவருக்கும் பயிற்சி அளிப்பது இயந்திரத்தை வாங்குவதன் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

ஊரிலிருந்து மையம் வரை

இத்துணை நன்மையுள்ள இயந்திரத்தை ஒவ்வொரு வட்டத்திலும் நிறுவிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. குழந்தை இயந்திரத்தை அடைவதற்கு முன் பல படிகளைக் கடக்க வேண்டும். காலம் பெரிதும் வீணாவது அந்தப் படிகளில்தான்.

முதற்படி அளவு நாடாவும் எடைக் கருவியும். அங்கன்வாடியில் ஆறு வயது வரை குழந்தையின் வளர்ச்சி அட்டையில் குறிக்கப்படுகிறது. குரோன் நோய் தலைகாட்டுவதோ பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளை நடமாடும் மருத்துவக் குழுக்கள் சோதிக்கின்றன. பள்ளிக் குழந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கின்றன. சென்ற ஆண்டின் உயரத்தோடு இந்த ஆண்டின் உயரத்தை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றுபோன குழந்தையைத் தனியே குறிப்பதற்குப் புதிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் போதும்.

இரண்டாம் படி எளிய சோதனைகள். இரத்தசோகை, அழற்சிக்குரிய இரத்தச் சோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவு ஆகியவை குடலில் அழற்சி உண்டா என்பதை ஓரளவு தெரிவிக்கும். மூன்றாம் படி அல்ட்ராசவுண்ட். இக்கருவி மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. இதிலும் கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டியதில்லை, செலவு குறைவு. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே சிறுகுடல் நோயின் பரவலைச் சரியாகக் காட்டியதில் எம்.ஆர்.ஐ. 80 விழுக்காடும் அல்ட்ராசவுண்ட் 70 விழுக்காடும் பெற்றன. நோய் உண்டா இல்லையா என்ற அளவில் அவை முறையே 97, 92 விழுக்காடு பெற்றன. குழந்தையின் உடல் மெலிந்திருப்பதால் குடற்சுவர் அல்ட்ராசவுண்டில் இன்னும் தெளிவாகத் தெரிவதுண்டு. வயிறு என்றாலே கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து முடித்துவிடும் பழக்கத்தை மாற்றி, குடற்சுவரையும் அளந்து எழுதுமாறு மாவட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்தால், எந்தக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. இன்றியமையாதது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நான்காம் படியே எம்.ஆர்.ஐ. அதனை உள்நோக்கிச் சோதனையும் குழந்தை மருத்துவமும் மயக்கவியலும் ஒருங்கே உள்ள மையங்களில் வைப்பதே பொருத்தம். 2003-இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் போபால், புவனேசுவரம், ஜோத்பூர், பாட்னா, ராய்ப்பூர், ரிஷிகேஷ் ஆகிய இடங்களில் 2012-இல் தொடங்கிய அகில இந்திய மருத்துவ நிறுவனங்கள், டெல்லிக்கும் சண்டிகருக்கும் லக்னோவுக்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு செல்லும் தூரத்தைக் குறைத்துள்ளன. 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பீடு வழங்குகிறது. ஆயின், நீடித்த நோயில் மருத்துவமனையில் தங்காமல் வெளிநோயாளியாக எடுக்கப்படும் படமும், வாங்கப்படும் மருந்தும் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்தே செல்கின்றன. இந்தச் செலவு கருதியே மறுபடம் எடுப்பது தள்ளிப்போடப்படுகிறது.

இயந்திரத்தின் விலையைக் குறைக்கும் முயற்சியில் 2023 ஆகஸ்டில் ஒரு குறிப்பிடத்தக்க படி எடுத்துவைக்கப்பட்டது. தேசிய உயிர்மருந்து இயக்கத்தின் உதவியோடு பெங்களூரைச் சேர்ந்த வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய 1.5 டெஸ்லா இயந்திரம் அப்போது அறிமுகப்படுத்தப்பட்டது. வழக்கமான காந்தத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட திரவ ஹீலியம் தேவைப்படுகிறது. அதனை இறக்குமதி செய்ய வேண்டும். ஹீலியத்தின் தேவையை வெகுவாகக் குறைக்கும் காந்த அமைப்புகள் உலகெங்கும் உருவாகி வருவது, மின்சாரமும் பராமரிப்பும் நிலையற்ற ஊர்களுக்கு நற்செய்தியாகும்.

இயந்திரத்தைக் காட்டிலும் அரிதானது, அதன் படத்தை வாசிக்கத் தெரிந்தவரின் கண். குழந்தையின் குடற்படத்தை வாசித்துப் பழகிய கதிரியல் வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே உள்ளனர். படங்களைத் தொலைவுக்கு அனுப்பிக் கருத்தைப் பெறும் வசதி இன்று எளிதாகிவிட்டது. ஒரே படிவத்தில், சுவரின் கனம், நோயுற்ற நீளம், குறுக்கம், புரைவழி, நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவற்றை வரிசையாக எழுதும் வழக்கத்தை எல்லா மையங்களும் மேற்கொண்டால், பாட்னாவில் எடுத்த படத்தை ஓராண்டுக்குப் பின் டெல்லியில் எடுத்த படத்தோடு ஒப்பிட முடியும். இவ்வாறு திரளும் பதிவுகள் காசநோயையும் குரோன் நோயையும் பிரித்தறிவதில் உலகுக்கே பயன்படும். ஏனெனில் இந்த இரண்டையும் இத்துணை மிகுதியாக ஒருங்கே காணும் நாடுகள் சிலவே.

குரோன் நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. எனினும், ஆறு முதல் எட்டு வாரங்கள் வழக்கமான உணவை நிறுத்தி, வரையறுத்த திரவ உணவை மட்டும் கொடுத்தே பல குழந்தைகளின் குடல் அழற்சியை ஸ்டீராய்டு இன்றி அடக்க முடிகிறது. உயிரியல் மருந்துகளும் இன்று உள்நாட்டில் உற்பத்தியாகின்றன. காசநோய்க்கோ முறையான மருந்தை முழுமையாக உட்கொண்டால் குணமே உண்டு. ஆகவே, எந்த நோய் என்று அறிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன்பே அதை அறிய வேண்டும். பள்ளிச் சுவரில் உயரத்தைக் குறிக்கும் ஆசிரியரும், குடற்சுவரை அளக்கும் மாவட்ட மருத்துவரும், காந்தப் படத்தை வாசிக்கும் வல்லுநரும் அக்கால எல்லைக்குள் ஒருவரையொருவர் சென்றடையும் வழியை அமைத்துத் தருவதே திட்டமிடுவோரின் கடமையாகும்.